"டீச்சர், இவன் பிடுங்கிட்டான்!": சின்னக் குழந்தைகள் தங்கள் சண்டையைத் தாங்களே தீர்க்கப் பழக்குவது எப்படி?

மழலையர் வகுப்புக்கு முதல்முறையாகப் போகிறவர்களுக்கு முதல் நாளிலேயே ஒரு வாக்கியம் மனப்பாடமாகிவிடும்: "டீச்சர், இவன் பிடுங்கிட்டான்." மதியத்துக்குள் அதையே இருபது தடவை கேட்டிருப்பீர்கள். நாமும் ஓடிப்போய், யார் முதலில் எடுத்தது என்று விசாரித்து, பொம்மையை ஒருவர் கையில் கொடுத்து, இன்னொருவரிடம் "சாரி சொல்லு" என்போம். அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பத்து நிமிடம் கழித்து அதே இரண்டு பேர், அதே பொம்மை, அதே அழுகை.

நானும் முதல் இரண்டு வருடம் இப்படித்தான் ஓட்டினேன். ஒரு நாள் நான்கு வயதுப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தவளைத் தள்ளிவிட்டான். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, தள்ளிய கையோடு, என்னைப் பார்த்து "சாரி" என்றான். விழுந்தவள் பக்கம் அவன் திரும்பவே இல்லை. இத்தனை நாளும் அவனுக்கு நான் எதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அடித்தால் டீச்சரிடம் எப்படிக் கணக்கை நேர் செய்வது என்று அவன் நன்றாகக் கற்றிருந்தான். அடிபட்டவள் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

நாம் தீர்ப்புச் சொல்லும் வரைக்கும் குழந்தைகள் பேசக் கற்றுக்கொள்ள மாட்டார்கள். தீர்ப்பைக் கேட்டு வரிசையில் நிற்பார்கள். படிக்கவும் எழுதவும் சொல்லிக்கொடுப்பதைப் போலவே சண்டையைத் தீர்ப்பதையும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. மூன்று முதல் ஏழு வயது வரையிலான குழந்தைகளுடன் புதிதாக வேலை செய்ய வருகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில், வயதைப் பாருங்கள்

இரண்டு வயதுக் குழந்தைகள் இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் அவர்கள் சேர்ந்து விளையாட மாட்டார்கள். ஒரே மாதிரிப் பொம்மையை வைத்துக்கொண்டு தனித்தனியாக விளையாடுவார்கள். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மில்ட்ரெட் பார்ட்டன் மழலையர் பள்ளிக் குழந்தைகளைக் கூர்ந்து கவனித்து, 1932இல் வெளியிட்ட ஆய்வில் இதை 'அருகருகே விளையாடுதல்' என்று ஒரு கட்டமாகவே பிரித்துக் காட்டினார். சேர்ந்து திட்டம் போட்டு, வேலையைப் பங்கு பிரித்து விளையாடுவது அதற்கு வெகுநாள் கழித்துத்தான் வருகிறது. ஆகவே இரண்டரை வயதுக்காரரிடம் "ஷேர் பண்ணு" என்று சொல்வது, நடக்கத் தொடங்கியவரை மாடிப்படி ஏறச் சொல்வது போலத்தான்.

அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்வதும் அப்படியே. 1983இல் ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள் குழந்தைகளுக்கு ஒரு சின்னக் கதை சொன்னார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்ததும் பையன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் புது இடத்தையே காட்டினார்கள். தனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்பது அவர்கள் நினைப்பு. நான்கு, ஐந்து வயதில்தான் இது மாறத் தொடங்குகிறது.

இது நமக்கு எதற்கு என்றால், "நீ இப்படிப் பண்ணினா அவளுக்கு எப்படி இருக்கும், யோசிச்சுப் பார்" என்று மூன்று வயதுக் குழந்தையிடம் கேட்டால் அது திருதிருவென்று விழிக்கும். அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வயதில் யோசிக்கச் சொல்வதை விடக் காட்டுவது பலன் தரும். "அவ முகத்தைப் பார். கண்ல தண்ணி வருது பார்." அது போதும்.

இரண்டாவது, ஒரு வாரம் குறித்து வையுங்கள்

எதையும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கும் முன் ஒரு சின்ன நோட்டு எடுத்து, ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு சண்டையையும் மூன்றே சொற்களில் எழுதுங்கள்: நேரம், இடம், எதற்காக. பெயர் எழுத வேண்டாம். பெயர் எழுதினால் 'அவன்தான் எப்போதும்' என்ற முடிவுக்கு நம் மனது தானாகப் போய்விடும்.

நான் எழுதிய முதல் நோட்டில் பாதிக்கு மேல் ஒரே இடம் வந்தது: கைகழுவும் குழாய் முன்னால் நிற்கும் வரிசை. இருப்பது ஒரே குழாய், நிற்பது பதினெட்டுப் பேர், எல்லோருக்கும் பசி. அங்கே தள்ளுமுள்ளு வராமல் இருந்தால்தான் அதிசயம். தரையில் காலடி வடிவத்தில் காகிதம் ஒட்டினேன், ஒருவர் நிற்க ஒரு சோடி. ஐந்து ஐந்து பேராக அனுப்பினேன். மிச்சம் இருப்பவர்கள் பாயிலேயே உட்கார்ந்து பாடினார்கள். அந்தச் சண்டையில் முக்கால்வாசி அத்தோடு நின்றது. குணத்தைத் திருத்த வேண்டிய வேலை அங்கே எதுவும் இருக்கவில்லை, இடத்தைத்தான் சரி செய்ய வேண்டியிருந்தது.

மூன்று வயதுக்கு உட்பட்ட வகுப்பு என்றால், எல்லோரும் கேட்கும் பொம்மையில் இரண்டு மூன்று வாங்கி வையுங்கள். பத்து விதமான வண்டி ஒவ்வொன்று இருப்பதை விட ஒரே விதமான வண்டி நான்கு இருப்பது நல்லது. கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கு இது நேர்மாறாக இருக்கட்டும்: ஐந்து, ஆறு வயதில் கொஞ்சம் பற்றாக்குறை இருந்தால்தான் முறை வைத்துக்கொள்ளப் பழகுவார்கள்.

மூன்றாவது, சண்டை இல்லாத நேரத்தில் சொல்லிக்கொடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். வீறிட்டு அழும் குழந்தையின் காதில் எதுவும் ஏறாது. ஆத்திரத்தில் இருக்கும்போது நமக்கே ஏறாது. ஆகவே பாடம் காலையில், எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சந்தோஷமாக இருக்கும் பத்து நிமிடத்தில் நடக்க வேண்டும். சண்டை நேரத்தில் அதை நினைவுபடுத்த மட்டும்தான் முடியும்.

முதலில் உணர்ச்சிக்குப் பெயர். பல குழந்தைகளிடம் 'பிடிக்கல', 'அழுகை வருது' என்ற இரண்டு மட்டும்தான் இருக்கும். கோபம், வருத்தம், பயம், ஏமாற்றம், பொறாமை, வெட்கம் என்று வாரத்துக்கு ஒன்றாகக் கொடுங்கள். பெரிய வட்டமாக வெட்டிய அட்டையில் முகம் வரைந்து, "இது எப்போ வரும்?" என்று கேளுங்கள். 'ஏமாற்றம்' என்ற வார்த்தையைச் சொல்லிக்கொடுத்த வாரத்தில் ஒரு சிறுமி, தான் வரைய நினைத்திருந்த தாளில் வேறொருவர் கிறுக்கிவிட்டதைப் பார்த்துவிட்டு, அழாமல் என்னிடம் வந்து, "எனக்கு அந்த நாலாவது முகம் வந்திருச்சு" என்றாள். அவளுக்கு அந்த வார்த்தை மறந்துவிட்டது, அட்டையில் இருந்த முகம் நினைவிருக்கிறது. அதுவே பெரிய முன்னேற்றம்.

அடுத்து, கையை அடக்க ஒரு வழி. 1970களில் அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கிய 'ஆமை' முறை இன்றும் பல வகுப்புகளில் இருக்கிறது. கோபம் வந்தால் ஆமையைப் போல ஓட்டுக்குள் போ: கைகளை மார்போடு கட்டிக்கொள், தலையைக் குனி, மூன்று தடவை மூச்சை இழுத்து விடு, அப்புறம் என்ன செய்யலாம் என்று யோசி, பிறகு வெளியே வா. இதை ஒரு கதையாகச் சொல்லி, எல்லோரும் ஒன்றாக ஆமையாகி விளையாட வேண்டும். சும்மா இருக்கும்போது நூறு தடவை செய்தால்தான் கோபத்தில் ஒரு தடவை வரும். நீங்களும் செய்யுங்கள். தண்ணீர் கொட்டிவிட்ட நேரத்தில் "டீச்சருக்குக் கோபம் வருது, கொஞ்சம் ஆமையா இருக்கேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு மூச்சு விடுங்கள். குழந்தைகள் இமைக்காமல் பார்ப்பார்கள்.

மூன்றாவது, சொல்ல வேண்டிய வாக்கியம். பயிற்சி வகுப்புகளில் 'நான் வாக்கியம்' என்று ஒன்று சொல்லித் தருவார்கள். தாமஸ் கோர்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் பரப்பியது. 'நீ கெட்டவன்' என்று அடுத்தவர் மேல் பாயாமல், எனக்கு என்ன ஆகிறது என்று சொல்வது அது. கருத்து அருமையானது. ஆனால் அதை அப்படியே தமிழாக்கி "நீ என் பென்சிலை எடுக்கும்போது நான் வருத்தமாக உணர்கிறேன்" என்று குழந்தையைச் சொல்ல வைத்தால் அது நாடக வசனம் ஆகிவிடும், யாரும் இரண்டாம் தடவை சொல்ல மாட்டார்கள். நம் பேச்சில் கோபத்தை யாரும் 'உணர்கிறேன்' என்பதில்லை, அது 'வருது' என்றுதான் சொல்வோம். "எனக்குக் கோபம் வருது. கேட்டுட்டு எடு." "தள்ளாதே, எனக்கு வலிக்குது." இந்த அளவு போதும். முதல் பாதியில் எனக்கு என்ன ஆகிறது, இரண்டாம் பாதியில் நீ என்ன செய்ய வேண்டும். மூன்று வயதுக்கு இன்னும் சுருக்கி, உள்ளங்கையைக் காட்டி "நிறுத்து!" என்பதே போதுமானது.

கேட்பவருக்கும் பாடம் உண்டு. "நிறுத்து" என்று ஒருவர் சொன்னால் கையை எடுத்துவிட வேண்டும், அது விளையாட்டாக இருந்தாலும் சரி. இந்த ஒரு விதியில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. சொல்லியும் நிற்கவில்லை என்றால் சொல்லுக்கு மதிப்பில்லை என்று அந்தக் குழந்தை கற்றுக்கொள்ளும், அடுத்த முறை கையைத்தான் நம்பும்.

இவற்றையெல்லாம் ஒத்திகை பார்க்க இரண்டு கைப்பொம்மைகள் வாங்கிக்கொள்ளுங்கள். காலுறையில் பொத்தான் தைத்தால்கூடப் போதும். நேற்று வகுப்பில் நடந்த சண்டையைப் பொம்மைகள் போடட்டும், ஆனால் ஒரு நாள் தள்ளி, விவரத்தை மாற்றி. "இப்போ முயல் என்ன சொல்லலாம்?" என்று கேட்டால் நேற்று பிடுங்கியவனே கையைத் தூக்கி யோசனை சொல்வான். மைர்னா ஷூர், ஜார்ஜ் ஸ்பிவாக் என்ற இருவர் ஃபிலடெல்ஃபியாவில் மழலையர்களுக்காக உருவாக்கிய பயிற்சியில், 'இது–இது இல்ல', 'முன்னாடி–பின்னாடி', 'ஏன்–ஏன்னா' போன்ற சொற்சோடிகளை முதலில் விளையாட்டாகப் பழக்குவார்கள். இந்தச் சொற்கள் இல்லாமல் சண்டையைப் பற்றி யோசிப்பது கடினம் என்பது அவர்கள் கருத்து. நான் அதைச் சாப்பாட்டு வரிசையில் விளையாடுகிறேன்: "நாம கை கழுவினது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" பிறகு சண்டையில் "அவன் அடிச்சது நீ தள்ளினதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்கும்போது குழந்தைக்குக் கேள்வி புரிகிறது.

நான்காவது, சண்டை வந்துவிட்டது. இப்போது?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஹைஸ்கோப் நிறுவனம் மழலையர்களுக்கு ஆறு படிகள் கொண்ட ஒரு முறையை வகுத்திருக்கிறது. அமைதியாக நெருங்குவது, உணர்ச்சியை ஒப்புக்கொள்வது, என்ன நடந்தது என்று கேட்பது, பிரச்சினையைத் திரும்பச் சொல்வது, யோசனை கேட்பது, பிறகும் கூட இருப்பது. நான் பின்பற்றுவது ஏறக்குறைய இதைத்தான். படித்தால் எளிது. கையில் வருவது வேறு விஷயம், அதனால் ஒரு சண்டையை முழுதாகச் சொல்கிறேன்.

ஒரு சிவப்பு லாரி. ஒரு பக்கச் சக்கரத்தை ஒரு பையன் பிடித்திருக்கிறான், பின்பக்கத்தை ஒரு சிறுமி. இருவருக்கும் நான்கரை வயது. இழுபறி. அவன் கை ஓங்கிவிட்டது.

நான் ஓடவில்லை. ஓடினால் ஆபத்து என்று மற்ற பதினாறு பேரும் நினைத்துக் கூடிவிடுவார்கள். வேகமாக நடந்து போய், இருவருக்கும் நடுவில் முட்டி போட்டேன். என் கண் அவர்கள் கண்ணுக்கு நேராக. ஓங்கிய கையை மெதுவாகப் பிடித்தேன். "அடிக்க விட மாட்டேன்." குரலைத் தாழ்த்தி, ஒரே ஒரு தடவை. பிறகு லாரியின் மேல் கையை வைத்தேன். "இதை நான் பிடிச்சிருக்கேன். நாம பேசி முடிக்கிற வரைக்கும் என்கிட்டே இருக்கும்."

இந்த இடத்தில் புதியவர்கள் பெரும்பாலும் லாரியை வாங்கிக் கண்மறைவாக வைத்துவிடுவார்கள். வேண்டாம். கண்ணுக்கு முன்னால் இருந்தால்தான் பேசுவதற்கு விஷயம் இருக்கும். மறைத்தால் இருவரின் கோபமும் உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

"நீ ரொம்பக் கோபமா இருக்கே." அவன் தலையாட்டினான். "நீ அழுதுட்டு இருக்கே. உனக்கு லாரி வேணும்." அவள் இன்னும் சத்தமாக அழுதாள். அது பரவாயில்லை. அழுகை தணியும் வரை அங்கேயே இருந்தேன். ஒரு நிமிடம் ஆகியிருக்கும், அது பத்து நிமிடம் போலத்தான் தெரியும்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டேன். 'ஏன் பண்ணினே' என்று கேட்கக் கூடாது. 'ஏன்' என்றால் குழந்தைக்கு அது குற்றச்சாட்டு, உடனே காரணம் தயாரிக்க ஆரம்பித்துவிடும். "நான்தான் வச்சிருந்தேன்! தண்ணி குடிக்கப் போனேன்! வந்து பார்த்தா இவ!" என்றான் அவன். "கீழே கெடந்துச்சு. யாருமே இல்ல" என்றாள் அவள். கவனியுங்கள், இருவரும் பொய் சொல்லவில்லை. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. 'யார் முதல்ல' என்ற விசாரணைக்குப் போயிருந்தால் நான் யாராவது ஒருவருக்கு அநியாயம் செய்திருப்பேன்.

"சரி. நீ தண்ணி குடிச்சிட்டு வந்து திரும்ப ஓட்டலாம்னு வச்சிட்டுப் போனே. நீ, யாரும் விளையாடலேன்னு எடுத்தே. இப்போ ரெண்டு பேருக்கும் லாரி வேணும், இருக்கிறது ஒண்ணுதான். என்ன பண்ணலாம்?"

அமைதி. இந்த அமைதிதான் இருப்பதிலேயே கடினம். நாக்கு நுனியில் நல்ல யோசனை நிற்கும். சொல்லாதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள்.

"எனக்குத் தரணும்" என்றான். "அது ஒரு யோசனை. உனக்கு அது சரியா?" அவள் இல்லையென்று தலையாட்டினாள். "அவளுக்குச் சரியில்லையாம். வேற என்ன பண்ணலாம்?" அவள் யோசித்து, "நான் மண்ணு போடறேன், இவன் ஓட்டட்டும்" என்றாள். அவன் ஒரு நிமிடம் லாரியைப் பார்த்தான். "எங்கே கொட்டறது?" என்றான். பிரச்சினை முடிந்தது. நான் லாரியிலிருந்து கையை எடுத்தேன்.

எனக்குத் தோன்றியிருந்த யோசனை, மணல் கடிகாரம் வைத்து ஐந்து நிமிடம் அவனுக்கு, ஐந்து நிமிடம் அவளுக்கு என்பது. அதைச் சொல்லியிருந்தால் ஒருவர் விளையாடும்போது இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்துக் கண்கலங்கி நின்றிருப்பார். அவர்கள் கண்டுபிடித்தது என்னுடையதை விட நல்லது. பல தடவை அப்படித்தான் இருக்கும். நமக்கு நியாயமாகத் தெரியாத முடிவுக்குக்கூட இருவரும் மனதார ஒத்துக்கொண்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் பயந்துபோய், தப்பித்தால் போதும் என்று ஒத்துக்கொள்கிறாரா என்பதை மட்டும் முகத்தில் பாருங்கள்.

கடைசிப் படியை விட்டுவிடாதீர்கள். ஐந்து நிமிடம் கழித்துப் போய், "மண்ணு கொட்டியாச்சா?" என்று கேளுங்கள். ஒப்பந்தம் உடைந்திருந்தால் அது தோல்வி என்று பொருளில்லை, மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான்.

பேச்சு நகராதபோது

ஒரு குழந்தை வாயே திறக்கவில்லை என்றால் விரல்களைக் கொடுங்கள். "இந்த விரல்னா அவன் தள்ளினான், இந்த விரல்னா தானா விழுந்தேன், எது?" பேச்சு வராத குழந்தைக்கும், வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைக்கும் படங்கள் நன்றாக உதவும்.

இருவரும் இன்னும் கொதிக்கிறார்கள் என்றால் பேச்சைத் தள்ளிப் போடுங்கள். "இப்போ வேண்டாம். தண்ணி குடிச்சிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்." ஆனால் சொன்னபடி பேச வேண்டும். மறந்துபோனால், 'அப்புறம்' என்பது ஒன்றுமில்லை என்று குழந்தைகள் முடிவு செய்துவிடுவார்கள்.

எப்போதும் ஒரே குழந்தை விட்டுக்கொடுக்கிறது என்றால் நிறுத்துங்கள். விட்டுக்கொடுக்கும் குழந்தையை எல்லோரும் 'தங்கமான பிள்ளை' என்று கொஞ்சுவார்கள். எனக்கு அந்தக் குழந்தைதான் கவலை. அவளிடம் தனியாக, "உனக்கும் வேணும்தானே? சொல்லலாம். நான் பக்கத்துல நிக்கறேன்" என்று சொல்லி, அன்றைக்கே ஒரு முறை சொல்லவைத்துப் பாருங்கள்.

கடிப்பது சின்ன வயதில் சகஜம், பேச்சு வந்ததும் பெரும்பாலும் குறைந்துவிடும். கடிபட்ட குழந்தையிடம் முதலில் போங்கள். கடித்தவர் மீது நம் கவனம் முழுவதும் பாய்ந்தால், கடித்தால் டீச்சர் வருவார் என்பதே பாடமாகிவிடும்.

எப்போது இந்த முறையே கூடாது?

இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சமமான இருவரிடையே வரும் சண்டைக்குத்தான் மேலே சொன்னது எல்லாம். ஒரு குழந்தையை வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, பலம் கூடியவரோ ஒரு கும்பலோ துன்புறுத்தினால் அது சண்டை அல்ல, கொடுமை. நோர்வேயில் 1970களிலிருந்து இதை ஆராய்ந்த டான் ஓல்வியஸ் அந்த மூன்றையும் வைத்துத்தான் இதைப் பிரித்துக் காட்டினார். அங்கே இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து "ரெண்டு பேரும் என்ன பண்ணலாம்?" என்று கேட்டால், அடிபட்டவரையும் பாதிக் குற்றவாளி ஆக்கிவிடுகிறோம். பாதுகாப்பது பெரியவர்கள் வேலை. நீங்களே நிறுத்துங்கள், தனித்தனியாகப் பேசுங்கள், தலைமை ஆசிரியருக்கும் இரு வீட்டாருக்கும் தெரிவியுங்கள், தொடர்ந்து கண்காணியுங்கள். மழலையர் வகுப்பில் இது வராது என்று நினைக்காதீர்கள். "உன்னைச் சேர்த்துக்க மாட்டோம்" என்று ஒரே குழந்தையை தினமும் ஒதுக்குவது நான்கு வயதிலேயே தொடங்கிவிடும், அடி விழாததால் நம் கண்ணில் படாது.

மன்னிப்பு

கட்டாயப்படுத்தி சாரி சொல்ல வைப்பதை நான் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு கேள்வி: "அவளுக்கு இப்போ நல்லா ஆகணும்னா நீ என்ன பண்ணலாம்?" முழங்கால் சிராய்த்திருந்தால் ஈரத்துணி எடுத்து வருவார்கள். கோபுரத்தைத் தட்டிவிட்டிருந்தால் கூட உட்கார்ந்து கட்டுவார்கள். ஒருவன் தன் அழிப்பானைக் கொடுத்தான், அவளுக்கு அது தேவையே இல்லை, ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டாள். விருப்பப்பட்டு சாரி சொன்னால் நல்லது. அடிபட்டவர் உடனே "பரவாயில்ல" என்று சொல்ல வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தாதீர்கள். கோபம் ஆற அவளுக்கும் நேரம் வேண்டும்.

கோள் சொல்வதா, உதவி கேட்பதா?

"கோள் சொல்லாதே, போ" என்று விரட்டுவது எளிது. ஆனால் அப்படி விரட்டப்பட்ட குழந்தை நாளைக்கு நிஜமான ஆபத்தையும் சொல்லாது. அதனால் யாரையும் திருப்பி அனுப்பாமல் இரண்டே கேள்விகள் கேட்பேன். "யாருக்காவது அடிபட்டிருக்கா? உனக்குப் பயமா இருக்கா?" ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால் உடனே எழுந்து போவேன். இரண்டும் இல்லை என்றால், "சரி, அவன்கிட்ட என்ன சொல்லணும்னு நினைக்கிறே? என்கிட்ட ஒரு தடவை சொல்லிக் காட்டு, அப்புறம் போய்ச் சொல்லு." ஒத்திகை பார்த்துவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

பேசுவதற்கு ஓர் இடம்

மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். கல்வி வழியாகத்தான் அமைதி வரும் என்று பிற்காலத்தில் நாடு நாடாகப் பேசினார். அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டதும் உண்டு. அவர் முறையைப் பின்பற்றும் பல வகுப்புகளில் இன்று 'அமைதி மேசை' என்று ஒன்று இருக்கிறது. ஒரு சின்ன மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு பூவோ வழுவழுப்பான கல்லோ. கல் யார் கையில் இருக்கிறதோ அவர் பேசலாம், மற்றவர் கேட்க வேண்டும். பேசி முடித்ததும் கல் கை மாறும்.

இதற்குத் தனி மேசைகூட வேண்டாம், ஒரு மூலையில் இரண்டு பாய் போதும். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: அந்த இடத்துக்குத் தண்டனையாக யாரையும் அனுப்பக் கூடாது. "போய் அங்கே உட்கார்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அந்த மூலை கெட்டுப்போகும். நான்கு வயதில் பக்கத்தில் நாம் உட்கார வேண்டும். ஆறு வயதில் கொஞ்சம் தள்ளி நின்றால் போதும்.

நம் குரல்

1961இல் ஆல்பர்ட் பண்டுரா நடத்திய புகழ்பெற்ற சோதனையில், பெரியவர் ஒருவர் பெரிய காற்றடித்த பொம்மையை அடித்துத் திட்டுவதைப் பார்த்த குழந்தைகள், பிறகு அதே மாதிரிப் பொம்மை இருந்த அறையில் விட்டதும், பலர் அதே போல அடித்தார்கள், அதே வார்த்தைகளையும் சொன்னார்கள். "கத்தாதே!" என்று நாம் கத்தினால் எது பாடம் என்பது தெரிந்ததே. அடிப்பதைப் பற்றி நான் விவாதிக்கவே தயாரில்லை. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, உடலையும் மனதையும் புண்படுத்தும் எல்லா வகை வன்முறையிலிருந்தும் குழந்தையைக் காக்கச் சொல்கிறது. வகுப்பின் முன்னால் நிறுத்தி அவமானப்படுத்துவதும் அதில் அடங்கும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்களுக்கும் உடன் வேலை செய்யும் ஆசிரியருக்கும் கருத்து வேறுபாடு வந்தால், முடிந்தால் அதைக் குழந்தைகள் கேட்கப் பேசித் தீருங்கள். "அக்கா, எனக்கு அந்த அட்டை இப்போ வேணும். நீங்க எப்போ முடிப்பீங்க?" "அஞ்சு நிமிஷம் குடுங்க." இதைவிட நல்ல பொம்மலாட்டம் கிடையாது.

வீட்டார்

"எவனாவது அடிச்சா திருப்பி அடிச்சிட்டு வா" என்று சொல்லி அனுப்பும் வீடுகள் இருக்கும். அவர்களோடு வாதாடாதீர்கள். அவர்கள் பயம் நியாயமானது: என் பிள்ளை ஏமாந்துவிடக் கூடாது. "உங்க பிள்ளையை யாரும் அடிக்க நாங்க விட மாட்டோம். 'நிறுத்து'ன்னு உரக்கச் சொல்லவும், எங்களைக் கூப்பிடவும் பழக்கறோம். வீட்லயும் அதே வார்த்தையைச் சொல்லுங்க" என்றால் பலரும் ஒத்துழைப்பார்கள். அடித்த குழந்தையின் பெயரை மட்டும் அடுத்த வீட்டாரிடம் சொல்லாதீர்கள். வாசலில் பெரியவர்கள் சண்டை அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

தொடங்கும் வாரம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். முதல் வாரம் நோட்டு மட்டும். இரண்டாம் வாரம் 'நிறுத்து' என்ற சொல்லும் ஆமையும். மூன்றாவதில் கைப்பொம்மைகள் வரட்டும். அதன் பிறகு, வரும் சண்டைகளில் ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் முழுப் படிகளோடு நடத்துங்கள். மற்றவற்றைப் பழையபடி சமாளியுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். பதினெட்டுப் பேரை வைத்துக்கொண்டு எல்லாச் சண்டையிலும் முட்டி போட யாராலும் முடியாது.

ஒன்றிரண்டு மாதத்தில் வேறொரு பிரச்சினை வரும். மூலையில் குரல் உயரும், உங்கள் கால் தானாக அந்தப் பக்கம் போகும். யாரும் கை ஓங்கவில்லை என்றால் அங்கேயே நில்லுங்கள். கையில் இருக்கும் வேலையைச் செய்வது போல இருந்துகொண்டு காதை மட்டும் கொடுங்கள். போன வாரம் இப்படி நின்றபோது எனக்குக் கேட்டது: "நிறுத்து. எனக்குக் கோபம் வருது." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. "...சரி, நீ நீலம் எடுத்துக்கோ. முடிஞ்சதும் குடு." நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன், அதையே தொடர்ந்தேன்.